பாஸ்புக்கில் ஒரு 436

மூன்றாம் நாள் பால் ஊற்றிவிட்டு வந்த கையோடு ஆரம்பித்துவிட்டார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் கட்டங்காப்பியைக் குடித்து முடித்து, கிளம்பும்போது குரலைத் தாழ்த்தி, "விதவைப் பென்ஷனுக்கு எழுதிப் போட்டுரும்மா, லேட் பண்ணாதே" என்பார்கள். மாமா சொன்னார். கீழ்வீட்டு அக்கா சொன்னார். தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டை வாங்கிப் போக வந்த டீச்சர்கூடச் சொன்னார். ஒருத்தராவது "பி.எஃப். என்னாச்சு?" என்று கேட்கவில்லை. "அவரோட பாஸ்புக்கை எடுத்துப் பார்த்தியா?" என்று கேட்கவில்லை. அந்த இரண்டு கேள்விக்குள் ஏழரை லட்ச ரூபாய் இருந்தது. ஏழரை என்றால் சனி என்று மட்டும் நினைத்திருந்தவள் நான்.

என் வீட்டுக்காரர் போனது 2023 நவம்பர், தீபாவளி முடிந்த வாரம். வயது 47. கோத்தகிரிக்குப் பக்கத்தில் பச்சைத் தேயிலையை விலைக்கு வாங்கி அரைக்கிற ஒரு ஃபேக்டரியில் 22 வருஷம் டிரையர் பக்கம் வேலை பார்த்தார். மழைக் காலத்தில் கொழுந்து கொட்டும். இரவும் பகலும் மிஷின் ஓடும். அன்றைக்கு நைட் ஷிஃப்ட் முடித்து வந்து வெந்நீர் வைக்கச் சொன்னார். தண்ணீர் கொதித்துக்கொண்டே இருந்தது. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அதற்கு அப்புறம் ஒன்றே முக்கால் வருஷம் எந்தெந்த ஆபீஸ் படி ஏறினேன், எங்கே என்ன கேட்டார்கள், எதற்கு நான் தகுதி, எதற்குத் தகுதியில்லை என்பதைத்தான் எழுதுகிறேன். எங்கள் காலனியிலேயே இந்த இரண்டு வருஷத்தில் நான்கு வீட்டில் ஆள் போயிருக்கிறது. நான்கு வீட்டிலும் முதலில் ஓடியது அந்த 1,200 ரூபாய் விதவைப் பென்ஷனுக்குத்தான்.

நானும் அதற்குத்தான் முதலில் ஓடினேன். இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டு இரண்டு வாரத்தில் வி.ஏ.ஓ. வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர்தான், குறை சொல்ல மாட்டேன். வாசலிலேயே நின்று, "சொந்த வீடா? தையல்ல மாசம் எவ்வளவு வரும்? ஃபேக்டரியில ஏதாவது கொடுப்பாங்களா?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். அவர் கண் தையல் மிஷின் மேலேயே இருந்தது. மிஷினில் பாதி தைத்த சுடிதார் ஒன்று ஊசியோடு நின்றது. எனக்கு என்னவோ திருட்டுப் பொருளை வைத்துக்கொண்டு மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. "ஆர்டர் எல்லாம் ரொம்பக் கம்மிங்க சார்" என்று சொன்னேன். தீபாவளி முடிந்ததும் கம்மிதான், அது பொய்யில்லை. ஆனால் சொன்ன தொனி பொய்.

"ஆதரவற்றவங்களுக்குத்தாம்மா இது" என்றார் அவர். திட்டத்தின் பேரே அதுதான். 1975-லிருந்து தமிழ்நாட்டில் இருக்கிற ஆதரவற்ற விதவைகள் ஓய்வூதியத் திட்டம். இதுபோக, வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள, 40 வயதைத் தாண்டிய விதவைகளுக்கு 2009-ல் மத்திய அரசு இந்திரா காந்தி பேரில் ஒன்று கொண்டுவந்தது; அதில் டெல்லி தருவது 300 ரூபாய், மீதியை மாநிலம் போட்டு நிரப்புகிறது. எந்த வழியாக வந்தாலும் கைக்கு வருவது ஒரே தொகைதான். 2023 ஆகஸ்டில்தான் அது ஆயிரத்திலிருந்து 1,200 ஆனது. எனக்கோ செப்டம்பரிலிருந்து மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் வந்துகொண்டிருந்தது. அப்போதைய விதிப்படி விதவைப் பென்ஷன் வாங்குகிறவருக்கு உரிமைத் தொகை கிடையாது. ஆக, எனக்கு ஆதரவே இல்லை என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டால் மாதம் 200 ரூபாய் கூடும். தம்பி இருக்கிறான், மாமியார் இருக்கிறார், மிஷின் இருக்கிறது. 200 ரூபாய்க்கு இவ்வளவு பேரையும் இல்லை என்று சொல்ல வேண்டும்.

மேடையில் பேசுகிறவர்கள் சொல்வார்கள், 'விதவை' என்ற சொல்லில் பொட்டு கிடையாது, 'கைம்பெண்' என்று எழுதினால் இரண்டு பொட்டு வரும் என்று. அழகான பேச்சுதான். பொட்டு இருக்கட்டும், எனக்கு உறுத்தியது முன்னால் இருக்கிற 'ஆதரவற்ற' என்ற சொல்.

என் விண்ணப்பம் பிறகு நிராகரிக்கப்பட்டது. அது சரிதான் என்று இப்போது நினைக்கிறேன், பி.எஃப். பென்ஷன் வருகிற வீட்டுக்கு அது தேவையில்லை, ஒன்றுமே இல்லாதவர்களுக்குப் போகட்டும். என் ஆத்திரம் என்னவென்றால், வேறு வழிகள் இருக்கின்றன என்று அந்த மூன்று மாதத்தில் ஒரு ஆபீஸிலும் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. குடும்பத்தைச் சம்பாதித்துக் காப்பாற்றியவர் 18 வயதுக்கும் 59 வயதுக்கும் இடையில் இறந்தால் ஒரே தவணையாக 20,000 ரூபாய் தருகிற மத்திய அரசுத் திட்டம் ஒன்று உண்டு. இயற்கைச் சாவோ விபத்தோ, எதுவானாலும் சரி. ஆனால் வறுமைக்கோட்டுப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். எங்கள் பெயர் இல்லை. அதோடு அது முடிந்தது.

இடையில் காகித வேலைகள். இறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும்; பதிந்தால் போதாது, சான்றிதழ் கைக்கு வந்ததும் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்க்க வேண்டும். எங்களுக்கு அவருடைய அப்பா பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தது. மாமி, அதாவது என் மாமியார், அதைச் சரிசெய்யாமல் விட மாட்டேன் என்று நின்றார், அதனால் பிழைத்தோம். அப்புறம் வாரிசு சான்றிதழ். இ-சேவையில் 60 ரூபாய் கட்டணம். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மூன்று பேர் மேசையைத் தாண்டி வர வேண்டும். எங்களுடையதில் நான்கு பெயர்: மனைவியாக நான், 19 வயது மகள், 14 வயது மகன், அவருடைய அம்மா. இந்துக் குடும்பத்தில் மகன் இறந்தால் தாயும் முதல் வகுப்பு வாரிசு, அப்பா கிடையாது. இது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

436-க்கு வருகிறேன்.

நாற்பதாம் நாள் வாக்கில் ஒரு மத்தியானம், கரண்ட் இல்லை, மிஷின் ஓடவில்லை. அவருடைய சட்டைகளை மடித்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். எத்தனை முறை துவைத்தாலும் அந்தச் சட்டைகளில் வறுத்த தேயிலை வாசம் போகாது. ஒரு பையில் பாஸ்புக் இருந்தது. சும்மா புரட்டினேன். சம்பளம் விழுந்தது, எடுத்தது, சம்பளம் விழுந்தது, எடுத்தது. 2021 மே கடைசியில் ஒரு 330 பிடித்திருந்தார்கள். 2022 மே கடைசியில் 436. 2023 மே கடைசியில் மறுபடி 436. பக்கத்தில் புரியாத நான்கைந்து ஆங்கில எழுத்து. கூடவே ஒரு 12, பிறகு 20, 20. எஸ்.எம்.எஸ்.ஸுக்குப் பிடிக்கிற காசு என்று அவர் ஒருதடவை சொல்லியிருந்தார். எஸ்.எம்.எஸ்.ஸுக்கு 436 ரூபாயா?

மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் போனில் தேடி ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிட்டாள். பிரதமர் பேரில் 2015-ல் ஆரம்பித்த ஜீவன் ஜோதி பீமா. 18-லிருந்து 50 வயதுக்குள் சேரலாம். சேர்ந்தால் 55 வரை ஓடும். ஜூன் 1-லிருந்து அடுத்த மே 31 வரை ஒரு வருஷக் கணக்கு. எந்தக் காரணத்தால் இறந்தாலும் இரண்டு லட்சம். அந்த 20 ரூபாய் வேறு, விபத்துக்கு மட்டும். யார் சேர்த்துவிட்டார்களோ, கணக்கு இருக்கிற எல்லோரிடமும் பேங்கில் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிய காலம் அது. அவருக்கே தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். தெரிந்திருந்தால் சொல்லியிருப்பார், எதையும் மனசில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை.

பேங்குக்குப் போனேன். அந்தக் கணக்கை மூட நான் ஏற்கெனவே ஒருமுறை இறப்புச் சான்றிதழோடு அதே கவுன்டருக்குப் போயிருக்கிறேன் என்பதை இங்கே சொல்ல வேண்டும். அன்றைக்கு அந்தப் பையன் திரையைப் பார்த்துவிட்டு நாமினி படிவத்தைக் கொடுத்தான், இன்ஷூரன்ஸ் பற்றி மூச்சு விடவில்லை. இப்போது கேட்டதும், "முப்பது நாளுக்குள்ள வந்திருக்கணுமேம்மா" என்றான். நான் ஒன்றும் பேசாமல் நின்றேன். சில சமயம் பேசுவதைவிட நிற்பது நல்லது. உள்ளே போய் யாரிடமோ கேட்டுவிட்டு வந்து படிவத்தைக் கொடுத்தான். நாமினி இடத்தில் என் பெயர் இருந்தது. ஒன்றரை மாதத்தில் பணம் வந்தது. அதில் யாரும் என் வீட்டு ஓடு எத்தனை, மிஷின் எத்தனை என்று கேட்கவில்லை. நீ யார், அவர் யார், அவர் இறந்தாரா. மூன்றே கேள்வி.

பி.எஃப். கதை பெரிது. நம் ஆட்கள் பி.எஃப். என்றால் சேர்த்துவைத்த பணம் என்று மட்டும் நினைக்கிறோம். அதற்குள் மூன்று உண்டியல் இருக்கிறது. ஒன்று, அவர் சம்பளத்தில் 12 சதவீதமும் முதலாளி பங்கில் ஒரு பகுதியும் சேர்ந்த இருப்பு. இரண்டாவது, 1995 நவம்பரில் வந்த பென்ஷன் திட்டம். முதலாளி போடுவதில் 8.33 சதவீதம் அங்கே போகிறது. வேலையில் இருக்கும்போதே இறந்தால் பத்து வருஷம் முடித்திருக்க வேண்டும் என்பதெல்லாம் கிடையாது, ஒரு மாதப் பணம் கட்டியிருந்தாலே மனைவிக்குப் பென்ஷன் உண்டு. பிள்ளைகளுக்கு ஒவ்வொருவருக்கும் அதில் கால் பங்கு, ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு, 25 வயது வரை. எனக்கு வருவது நாலாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே, பிள்ளைகளுடையது தனி.

மூன்றாவது உண்டியல்தான் யாருக்கும் தெரியாதது. 1976-லிருந்து இருக்கிற இ.டி.எல்.ஐ. என்ற இன்ஷூரன்ஸ். தொழிலாளி ஒரு பைசா கட்டுவதில்லை, முழுக்க முதலாளி கட்டுவது. கடைசிப் பன்னிரண்டு மாதச் சராசரிச் சம்பளத்தை 35-ஆல் பெருக்கி, பி.எஃப். இருப்பில் பாதியைச் சேர்த்து (அந்தப் பாதிக்கு 1,75,000 வரை வரம்பு உண்டு) மொத்தம் ஏழு லட்சம் வரை தருகிறார்கள். அவருடைய சம்பளம் 12,600. பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள், அதுவே 4,41,000. இருப்பில் பாதியும் சேர்ந்து ஐந்தரை லட்சத்தைத் தொட்டது. மூன்றுக்கும் சேர்த்து ஒரே படிவம்தான். ஆனால் அதில் மூன்றையும் டிக் செய்ய வேண்டும். ஃபேக்டரி கிளார்க் என்னிடம் நீட்டிய படிவத்தில் ஒன்றுதான் டிக் ஆகியிருந்தது. வேண்டுமென்று செய்தார் என்று சொல்ல மாட்டேன். அவருக்கும் தெரியாது, அவ்வளவுதான்.

படிவத்தைப் போட்டால், பிறந்த தேதி இடித்தது. என் வீட்டுக்காரர் பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில். 1964-ல் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் கையெழுத்துப் போட்டார்கள் அல்லவா, தோட்டத் தமிழர்களில் இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று. அந்தக் கணக்கில் 1978-ல் கப்பல் ஏறி வந்த குடும்பம். கப்பலில் அவர் இரண்டு வயதுக் குழந்தை. ஃபேக்டரியில் சேரும்போது யாரோ குத்துமதிப்பாக ஜனவரி 1, 1974 என்று எழுதிவிட்டார்கள். ஆதாரில் 1976. ஆதாரையும் பள்ளிக்கூடச் சான்றிதழையும் வைத்து, ஃபேக்டரியும் கையெழுத்துப் போட்டு, திருத்தி வர இரண்டரை மாதம் ஆனது. இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் ஆள் உயிரோடு இருந்தால், இன்றைக்கே உட்கார்ந்து இரண்டு தேதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அடுத்து நாமினி. "நாமினி அம்மா பேருல இருக்கும்மா, எல்லாம் அவங்களுக்குத்தான் போகும்" என்றார் கிளார்க். வேலையில் சேர்ந்தபோது அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை, அம்மா பெயரைக் கொடுத்திருக்கிறார், அப்புறம் மாற்றவேயில்லை. அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. மாமி நல்லவர், ஆனால் மாமிக்கு இன்னொரு மகனும் இருக்கிறார், அவருக்குக் கடனும் இருக்கிறது. யூனியன்காரர் ஒருவர்தான் விதியை எடுத்துக் காட்டினார்: கல்யாணத்துக்கு முன்னால் கொடுத்த நாமினேஷன், கல்யாணம் ஆனதும் செல்லாது. புதிதாகக் கொடுக்காவிட்டால், பி.எஃப். இருப்பும் இன்ஷூரன்ஸும் குடும்பத்துக்குச் சமபங்கு. மனைவி, மணமாகாத மகள், 18 முடியாத மகன், அவரை நம்பியிருந்த தாய். ஒரு வேடிக்கை, என் மகனுக்கு 18 முடிந்திருந்தால் அவனுக்கு அதில் பங்கு கிடையாது. பென்ஷன் மட்டும் பங்கு பிரிவதில்லை, அது மனைவிக்கும் பிள்ளைகளுக்கும்தான்.

மாமியிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தவித்தேன். சொன்னதும் அவர் வெற்றிலையை மடித்தபடியே, "எனக்கு எதுக்கு புள்ள அதெல்லாம், நீயே எடுத்துக்க" என்றார். எடுத்துக்கொள்ள முடியாது, அவர் பங்கு அவர் கணக்கில்தான் விழும். அவருக்குக் கணக்கே இல்லை. பஸ் பிடித்துப் போனோம். டவுனில் கணக்குத் திறந்து கொடுக்கிற இடத்தில் கைரேகை மிஷின் வைத்து ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மாமி கட்டை விரலை வைத்தார். விழவில்லை. ஆள்காட்டி விரல். விழவில்லை. "பாட்டி, நல்லா துடைச்சிட்டு வைங்க." முந்தானையில் துடைத்துவிட்டு வைத்தார். சிவப்பு விளக்குதான். நாற்பது வருஷம் கொழுந்து கிள்ளிய விரல். நுனியில் ரேகையே இல்லை, கூழாங்கல் மாதிரி வழவழப்பு, வெடிப்புகளுக்குள் மட்டும் கறுப்புக் கறை. வெளியே சாரல், உள்ளே குளிர், கை மரத்துப்போயிருந்தது. அந்தப் பெண் எழுந்து வந்து மாமியின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்தாள். "தலையில எண்ணெய் இருக்கா பாட்டி? லேசா அதுல தடவிட்டு வைங்க." மாமி விரலைத் தலைமுடியில் தேய்த்துவிட்டு வைத்தார். எட்டாவது விரல், இடது கை மோதிர விரல், பச்சை விழுந்தது.

"மண்டபத்துல மை தடவி வச்சாங்க, ஒரே அமுக்குல விழுந்துச்சு" என்றார் மாமி. கப்பலில் வந்தவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாமைச் சொல்கிறார். பிறகு, "அப்ப ரேகை இருந்துச்சு" என்றார்.

பணிக்கொடையை, அதாவது கிராஜுவிட்டியை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்போது நடப்பில் இருந்த 1972 சட்டப்படி ஐந்து வருஷம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்பது விதி, இறந்துபோனால் அந்த ஐந்து வருஷக் கணக்கும் கிடையாது. கடைசிச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, எத்தனை வருஷமோ அத்தனையால் பெருக்க வேண்டும். எங்கள் கணக்கில் 1,59,900 சொச்சம் வந்தது. ஃபேக்டரியில் 60,000 என்று ஒரு கவரைக் காட்டினார்கள், முதல் 13 வருஷம் தினக்கூலியாம். தினக்கூலிக்கும் பி.எஃப். பிடித்த ஸ்லிப் இருந்தது. அதை மேசையில் வைத்தேன். தொழிலாளர் துறைக்கு எழுதுவேன் என்று சொல்லக்கூட வேண்டியிருக்கவில்லை. ஆனால் மூன்று தவணையாகத்தான் கொடுத்தார்கள்.

மாமியின் தங்கை பேத்தி ஒருத்தி லண்டனில் இருக்கிறாள். அவளோடு வாழ்ந்தவர் என் வீட்டுக்காரர் போன அதே வருஷம் இறந்தார். இரண்டு பிள்ளைகள், கல்யாணம் பதியவில்லை. அங்கே அது சகஜம். போனில் பேசும்போது ஒருவருக்கொருவர் ஆபீஸ் கதையைத்தான் சொல்லிக்கொண்டோம், அழுகையெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. அங்கே துணையை இழந்தவருக்கு அரசாங்கம் தருகிற பணம் ஒன்று இருக்கிறது. பிள்ளை இருந்தால் முதலில் 3,500 பவுண்டு, பிறகு 18 மாதம் மாதாமாதம் 350. உனக்கு என்ன வருமானம் என்று கேட்பதில்லை. இறந்தவர் வேலை பார்த்து நேஷனல் இன்ஷூரன்ஸ் கட்டினாரா என்றுதான் பார்க்கிறார்கள். முன்பெல்லாம் பதிவுத் திருமணம் இருந்தால்தான். கல்யாணம் பண்ணாமல் குடும்பம் நடத்தி, துணையைப் பறிகொடுத்த ஒரு பெண் கோர்ட்டுக்குப் போய் 2018-ல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார். அதற்கு அப்புறமும் ஐந்து வருஷம் இழுத்து, 2023 பிப்ரவரியில்தான் பிள்ளைகளோடு சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கும் உண்டு என்று விதியை மாற்றினார்கள். இவளுக்குச் சரியாக அந்த நேரத்தில். இன்னொரு கல்யாணம் செய்துகொண்டாலும் அந்தப் பணம் நிற்காதாம்.

எனக்கு நின்றுவிடும். பி.எஃப். விதவைப் பென்ஷன் மறுமணம் வரைக்கும்தான். அதே நாட்டில், விதவை மறுமணத்தை ஊக்குவிக்க டாக்டர் தருமாம்பாள் அம்மையார் பேரில் தாலிக்கு 8 கிராம் தங்கமும் பணமும் தமிழ்நாடு அரசு தருகிறது. ஒரு கை பவுன் கொடுக்கும், இன்னொரு கை பென்ஷனை எடுக்கும். எனக்கு அந்த யோசனை ஒன்றும் இல்லை, யாரும் மாப்பிள்ளை பார்க்க வேண்டாம். கணக்கு போட்டுப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

லண்டன்காரியின் கதையைக் கேட்டதிலிருந்து எனக்குக் கீழ்வீட்டு அக்கா ஞாபகமாகவே இருந்தது. அக்காவும் அக்காவின் வீட்டுக்காரரும் 19 வருஷம் ஒன்றாக இருந்தார்கள். கோயிலில் தாலி கட்டியது காலனியே பார்த்தது. ஆனால் அவருக்கு முதல் மனைவி ஒருத்தர் பந்தலூர்ப் பக்கம் இருக்கிறார். சண்டை போட்டுப் பிரிந்தது, விவாகரத்து கிடையாது. 2024 அக்டோபரில் எஸ்டேட்டில் வேலை செய்துகொண்டிருந்தவர் மார்வலி என்று உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. வயது 53.

பி.எஃப். பென்ஷன் முதல் மனைவிக்குப் போனது. ரேஷன் கார்டில் அவர் பெயர் இன்னும் அந்த வீட்டில்தான் இருந்திருக்கிறது. வாரிசு சான்றிதழுக்கு எழுதிப் போட்டால், இரண்டு மனைவி என்றதும் கோர்ட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். வக்கீல் ஒருவரைப் பார்த்தோம். ரொம்ப வருஷம் கணவன் மனைவியாக வாழ்ந்தால் கல்யாணம் ஆனதாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும், உச்ச நீதிமன்றமே 1978-ல் சொல்லியிருக்கிறது, ஆனால் முதல் கல்யாணம் உயிரோடு இருக்கும்போது அந்த வாதம் நிற்காது என்றார். பிள்ளைகளுக்கு அப்பா சொத்தில் உரிமை உண்டாம், இந்துத் திருமணச் சட்டம் அவர்களைத் தள்ளிவிடவில்லை. அக்காவுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். சொத்து என்று எதுவும் கிடையாது, அது வேறு விஷயம்.

சரி, 1,200 ரூபாய்க்காவது எழுதலாம் என்றால், "கணவர் என்று எதை வைத்து எழுதறது?" என்று கேட்டார்கள். இவருக்குத்தான் உண்மையிலேயே ஆதரவு கிடையாது. எஸ்டேட் லைன் வீட்டைக் காலி பண்ணச் சொல்லி வந்து எங்கள் கீழ்வீட்டில் வாடகைக்கு இருந்தவர்கள்; அந்த வாடகையே மூன்று மாதம் பாக்கி. காலனியில் போன தை மாதம் ஒரு வளைகாப்பு. அக்காவைக் கூப்பிடவில்லை, விதவை என்பதால். ஆபீஸில் பென்ஷன் இல்லை, விதவை இல்லை என்பதால்.

போன வாரம் அக்கா தைக்கக் கொடுக்க ஒரு ஜாக்கெட் துணியோடு வந்தார். பேச்சுவாக்கில் கேட்டேன், அவர் பாஸ்புக் இருக்கிறதா என்று. அரிசி டப்பாவுக்குள் வைத்திருந்தார். எடுத்து வந்து மிஷின் பலகையில் விரித்தோம். நான் வருஷத்தை எல்லாம் பார்க்கவில்லை, மே மாதக் கடைசியை மட்டும் பார்த்தேன். 2019-லிருந்து வரிசையாக இருக்கிறது: மூன்று வருஷம் 330, பிறகு 436. கடைசி 436 விழுந்தது 2024 மே 28. அவர் போனது அக்டோபர். அந்த வருஷக் கணக்கு மே 31 வரை ஓடியிருக்கிறது. வயது 55-ஐத் தாண்டவில்லை.

இதற்கு மனைவி என்று நிரூபிக்க வேண்டியதில்லை, அந்தக் காகிதத்தில் நாமினி என்று யார் பெயரை எழுதினாரோ அவருக்குத்தான் பேங்க் முதலில் கொடுக்கும். 2019-ல் எழுதியது. அக்காவோடு பதினாலு வருஷம் வாழ்ந்த பிறகு எழுதியது. ஆனால் ரேஷன் கார்டு மாதிரி இதிலும் பழைய பெயரையே எழுதியிருந்தால்? பாஸ்புக் முதல் பக்கத்தில் நாமினி பதிவானது என்று மட்டும்தான் இருக்கிறது, பெயர் அச்சடிக்கவில்லை. அக்கா அந்தப் பக்கத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அவருக்கு என் பேரை எழுதத் தெரியும்" என்றார். "என் பேரு மட்டும்தான் இங்கிலீஷ்ல எழுதத் தெரியும்."

திங்கட்கிழமை எட்டரை பஸ்ஸில் போகிறோம். நானும் கூடப் போகிறேன், கவுன்டரில் நிற்பதற்கு ஒரு ஆள் வேண்டும். அதற்குள் ஜாக்கெட்டை முடிக்க வேண்டும். அளவுக்குப் பழைய ஜாக்கெட் கொடுத்திருக்கிறார், போன வருஷம் நான் தைத்தது. அதை வைத்து வெட்டினால் தொளதொளவென்று இருக்கும். தோளில் அரை இன்ச், பக்கத்துக்கு முக்கால் இன்ச் பிடிக்க வேண்டும்.